ஆறு குவேவர்களை எப்படிப் பீம் போட்டு இணைப்பது?

கேள்வி: என் மகள் பியானோ தியரி மூன்றாம் கிரேடுக்குப் படிக்கிறாள். 6/8 தாளத்தில் ஆறு குவேவர்களை (முழு ஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு நீளமுள்ள ஸ்வரக் குறிகளை) இரண்டிரண்டாகப் பீம் போட்டு இணைத்ததைத் தவறு என்று ஆசிரியர் சுழித்துவிட்டார். வாசித்தால் ஒலி மாறவில்லையே, பிறகு எப்படித் தவறாகும்?

பதில்: ஸ்வரத்தின் நீளம் மாறாது என்பது உண்மைதான். ஆனால் பீம் என்பது ஸ்வரக் குறிகளின் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, தாளத்தின் அடி எங்கே விழுகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் தடித்த கோடு. ஆறு குவேவர்களை 'தகிட தகிட' என்றும் சொல்லலாம், 'தக தக தக' என்றும் சொல்லலாம். எண்ணிக்கை ஒன்றே, தட்டு விழும் இடம்தான் வேறு. 6/8-இல் அடிகள் இரண்டு, ஒவ்வோர் அடிக்கும் குவேவர்கள் மூன்று. எனவே மூன்று மூன்றாகத்தான் இணைக்க வேண்டும். இரண்டிரண்டாக இணைத்தால் படிப்பவர் அதை 3/4 என்று எண்ணித் தட்டை இடம் மாற்றிவிடுவார். 4/4-இல் குவேவர்களை நான்கு நான்காக இணைக்கலாம், ஆனால் இரண்டாம் அடியிலிருந்து மூன்றாம் அடிக்குப் பீம் தாண்டவே கூடாது.

பாட்டு வரிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. பழைய பாடல் பதிப்புகளில் ஓர் அசைக்கு ஒரு ஸ்வரம் என்றால் ஒவ்வொரு குவேவரும் பீம் இல்லாமல், தண்டின் நுனியில் வளையும் தனிக் கொடியோடு நிற்கும். ஒரே அசை பல ஸ்வரங்களுக்கு இழுபடும்போதுதான் பீம் வரும். தேவாலயப் பாடகர் குழுவின் பழைய புத்தகத்தில் இதைப் பார்த்த பிள்ளைகள் பியானோ வரியிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். இன்றைய பதிப்புகள் பலவற்றில் பாட்டு வரிக்கும் அடியை ஒட்டியே பீம் போட்டு, அசை இழுபடுவதை வளைகோட்டால் காட்டுகிறார்கள். வாத்தியத்துக்கு எழுதும்போது இந்த விலக்கை மறந்துவிடச் சொல்லுங்கள்.

திரைப்பாடல் நொட்டேஷன் என்று காசுக்கு விற்கப்படும் தாள்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். மிடி கோப்பை (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) மென்பொருளில் போட்டு, வந்ததை அப்படியே அச்சிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். தாளக் குறியைத் தவறாகக் கொடுத்தால் மென்பொருள் பீம்களையும் அதன்படியே தவறாகப் போடும். 'தகிட தகிட' என்று நடக்கும் பாட்டுக்கு 3/4 என்று போட்டிருந்தால் அந்தத் தாளை வாங்காதீர்கள்.

பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் 2020-இல் ஐந்தாம் கிரேடு வரையிலான தியரித் தேர்வைக் கணினிக்கு மாற்றிய பிறகு, பென்சிலால் ஒரு பீம்கூட வரையாமலே தேறிவிட முடிகிறது. விடையை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விடும் வகுப்புகளும் இதனால் பெருகிவிட்டன. அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் மகளைத் தாளிலேயே எழுத வையுங்கள். முதலில் ஒவ்வோர் அடியின் தலையிலும் பென்சிலால் சிறு கோடு இட்டு, 'தகிட' என்று வாய்விட்டுச் சொல்லித் தட்டிய பிறகே பீம் வரையட்டும்.