பழைய பத்மினி கார் காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

மாற்றாதீர்கள். கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தருவது; அதன் சோக்கைப் பார்க்காமல் மாற்றவே மாற்றாதீர்கள். நான் மாற்றி ஏமாந்தவன்.

எங்கள் வீடு குலசேகரம் பக்கம். சோக் குளிருக்கானது, கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன குளிர் என்று கேட்க யாராவது வருவார்கள். ஊட்டிக் குளிரெல்லாம் தேவையில்லை. இரவு முழுக்க எஞ்சின் ஆறிக் கிடந்தாலே போதும். ஆறிய எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அதை ஈடுகட்டக் காற்றோடு சேரும் பெட்ரோலைக் கூட்டித் தருவதுதான் சோக்கின் வேலை.

வண்டி அப்பாவுடையது, 1089 சிசி. ஒரு மார்கழி விடியலில் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு நாகர்கோவில் அழைத்துப் போகவேண்டும். சோக்கை முழுக்க இழுத்துச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கையும் நனைத்தேன்; பாட்டரியும் இறங்கியது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த இருவர் தள்ளிவிட்ட பிறகுதான் கிளம்பியது.

பட்டறையில் போனெட்டைத் திறந்ததுமே "கார்புரேட்டர் போய்விட்டது" என்றார்கள். வேறொரு பழையதைப் பொருத்தி ஆறாயிரம் ரூபாய் வாங்கினார்கள். மறுநாள் காலையும் அதே கதைதான்.

பிறகு தக்கலையில் ஒரு வயதான ஆசானிடம் போனேன். அவர் ஸ்பானரையே எடுக்கவில்லை. "மக்களே, நீ உள்ளே இருந்து சோக்கை இழு" என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்து, தானே இழுத்துக் காட்டினார். கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள சிறிய லீவர் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. உள்ளே இழுப்பதை அந்த லீவருக்குக் கொண்டுவரும் கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து, கம்பியோடு உறையும் சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. உறையைச் சரியான இடத்தில் வைத்துத் திருகை இறுக்கினார். மறுநாள் காலை இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தத் திருகு தானாகத் தளரவில்லை என்பது என் எண்ணம். பாறையும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் லாரிகள் எங்கள் சாலைகளை உழுது போட்டிருக்கின்றன. மலையும் போகிறது, சாலையும் போகிறது. கேட்டால் நம்மைத்தான் வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள்.

எல்லா வண்டிக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு நாள் ஓட்டாமல் வைத்த பிறகு மட்டும் தொல்லை என்றால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றியிருக்கலாம். பம்ப் அதை நிரப்பும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வையுங்கள். மழைக்காலத்தில் மட்டும் என்றால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே ஈரத்தைத் துடையுங்கள். இவற்றுக்குச் செலவே இல்லை.

அப்பாவின் கார்புரேட்டரைத் திருப்பிக் கேட்கப் பட்டறைக்குப் போனேன். பழைய இரும்போடு போட்டுவிட்டோம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பழைய வேட்டித் துணியால் துடைத்துவைத்த பொருள் அது.