செடித்தொட்டி உரத்தில் காளான் முளைத்தால் செடி செத்துவிடுமா?

கேள்வி: புதிதாக உரம் கலந்து வைத்த தொட்டிகளில் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிக் காளான்கள் முளைக்கின்றன. பிடுங்கினாலும் திரும்ப வருகின்றன. உரம் கெட்டுப்போய்விட்டதா? என்ன மருந்து அடிப்பது?

மருந்து எதுவும் அடிக்காதீர்கள். நான் அடித்துப் பார்த்தவன். காசு போனதுதான் மிச்சம்.

நான்கு வருடம் முன்பு, தாம்பரத்தில் எங்கள் மொட்டைமாடியில் 15 க்ரோ பேக்குகளில் மிளகாயும் கத்திரியும் வைத்தேன். செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று தேங்காய்நார்க் கழிவையும், மரக்கடையில் சும்மா கிடைத்த மரத்தூளையும் தாராளமாகக் கொட்டிவிட்டு, மண்புழு உரத்தைப் பேருக்குத் தூவினேன். ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் போய்ப் பார்த்தால் ஏழெட்டு பைகளில் எலுமிச்சம்பழ மஞ்சளில் குடை விரித்திருந்தது. அதே வாரத்தில் மிளகாயின் அடி இலைகளும் வெளிற ஆரம்பித்தன. காளான்தான் சத்தை உறிஞ்சுகிறது என்று தீர்ப்பு எழுதி, பூஞ்சணக்கொல்லி வாங்கி ஊற்றினேன். பத்து நாளில் காளான் திரும்ப வந்தது. இலை மட்டும் பச்சைக்குத் திரும்பவில்லை.

இன்னொரு கூத்தும் இதில் உண்டு. நடுவதற்கு முன்னால் வேர் அழுகாமல் இருக்கட்டும் என்று டிரைக்கோடெர்மா விரிடி கலந்திருந்தேன். அதுவும் ஒரு பூஞ்சைதான். ஒரு கையால் காசு கொடுத்துப் பூஞ்சையைப் போட்டுவிட்டு, இன்னொரு கையால் காசு கொடுத்துக் கொன்றிருக்கிறேன்.

நீங்கள் பார்க்கும் குடை, காளானின் காய் மாதிரி. மரம் என்று சொல்ல வேண்டியது உள்ளே, உரம் முழுக்கப் பஞ்சு நூலாகப் பரவிக் கிடக்கிறது. அதனால்தான் பிடுங்கப் பிடுங்க வருகிறது. அந்த நூல் தின்பது உயிருள்ள வேரை அல்ல. மரத்தூள், நார், காய்ந்த இலை போன்ற செத்த பொருளைத்தான்.

அப்படியென்றால் என் மிளகாய் ஏன் வெளிறியது? மரத்தூளிலும் நார்க்கழிவிலும் கரிமச்சத்து (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. மட்காத நார்க்கழிவில் அந்த விகிதம் 112-க்கு 1 அளவில் இருக்கும். இதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, செடி பட்டினி கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் காளானும் ஒரு ஆள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கொன்றால் பாக்டீரியா அதே வேலையைச் செய்யும். தப்பு என் கலவையில்.

வேடிக்கை என்னவென்றால், நார்க்கழிவை மட்க வைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழியே காளான்தான். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் வைத்திருந்தால், அந்த 112 என்பது 24 அளவுக்கு இறங்கிவிடும். மட்கிய பிறகு செடிக்குக் கொடுக்க வேண்டியதை நான் மட்காமலே கொடுத்துவிட்டு, பையிலேயே வந்து வேலையை ஆரம்பித்த காளானைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தழைச்சத்துக்காகக் கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒருமுறை ஊற்றினேன். மூன்று வாரத்தில் புதுத் துளிர் பச்சையாக வந்தது. காளான் அப்போதும் இருந்தது.

உங்கள் மஞ்சள் காளானுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. இது நம்மைப் போல வெயில் நாட்டு வாசி. ஐரோப்பாவுக்குத் தொட்டிச் செடிகளின் மண்ணோடு போய்க் கண்ணாடிக்குடில்களில் குடியேறிவிட்டது. 1839-இல் செக் ஆய்வாளர் கோர்டா, ப்ராக் நகரக் குடில் ஒன்றில் இதைக் கண்ட பிர்ன்பாம் என்ற தோட்டக்காரரின் பெயரையே இதற்கு வைத்தார். லூகோகோப்ரினஸ் பிர்ன்பாமி என்பது இன்றைய பெயர்.

மழைக்காலத்தில் இது மட்டுமல்ல, காலையில் சாம்பல் நிறக் குடையாக நின்று மதியத்துக்குள் கறுப்பு மையாக ஒழுகிவிடும் ஒன்றும் வரும். என் பெண்ணுக்குப் பிடித்தது குருவிக்கூடு காளான். கம்மல் அளவில் ஒரு கிண்ணம், அதற்குள் நாலைந்து முட்டை. மழைத்துளி சரியாக உள்ளே விழுந்தால் முட்டை தெறித்து ஒரு மீட்டர் தூரம்கூடப் போகும்.

சாப்பிடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். மஞ்சள் காளான் வயிற்றைக் கலக்கிவிடும். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அம்மாச்சி இடி இடித்த மறுநாள் புற்றுக்காளான் பறிக்கப் போவார். ஆனால் அவரே தெரியாத இடத்தில் முளைத்ததை ‘நாய்க்குடை’ என்று காலால் தள்ளிவிடுவார். வெள்ளி மோதிரம் கறுக்கிறதா, மஞ்சள் சேர்த்தால் நிறம் மாறுகிறதா, பூச்சி தின்கிறதா என்ற சோதனை எதையும் நம்பாதீர்கள். வீட்டில் தவழும் குழந்தையோ நாயோ இருந்தால், குடை விரியும் முன்னே கிள்ளி எடுத்துப் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம், இரண்டு மூன்று நாளில் தானே சுருங்கிவிடும்.

தண்ணீரை மட்டும் பாருங்கள். விரலை ஒரு அங்குலம் விட்டு, ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். சில தொட்டிகளில் வெள்ளை நூல் மெத்தை மாதிரி அடர்ந்து, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்துவிடும். அப்படி இருந்தால் ஒரு குச்சியால் மேல்மண்ணைக் கிளறிவிட்டால் சரியாகும்.

நீங்கள் பயப்பட வேண்டியது குடையே இல்லாத ஒரு பூஞ்சைக்கு. செடியின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு கடுகாகப் பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருந்து, செடி பகலில் திடீரென்று துவண்டால், அது ஸ்கிளரோஷியம் என்ற பூஞ்சையால் வரும் தண்டழுகல் நோய். தக்காளி, மிளகாய், கத்திரி எல்லாவற்றுக்கும் வரும். அந்தச் செடியை மண்ணோடு தூக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போட்டுவிடாதீர்கள்.