பம்ப் இழுக்கவில்லை, மாற்றித் தரவும் மாட்டார்களாம்

கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். பட்டர்வொர்த்திலிருந்து பாலத்தில் போய்வர இன்னும் ஒரு மணி நேரம். 98 நாள் பிரசவ விடுப்பு மூன்று வாரத்தில் முடிகிறது. பிள்ளையை மாமியார் பார்த்துக்கொள்வார். தாய்ப்பால் எடுக்க இணையத்தில் வாங்கிய இரட்டை மின்பம்ப்பில் இப்போது ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் பால் வருகிறது. விற்றவரோ, "உடம்பில் பட்ட பொருளை மாற்ற முடியாது" என்கிறார். வேறு வாங்கட்டுமா? பால் சுடவைக்கும் கருவி, ஸ்டெரிலைசர் எல்லாம் கட்டாயம் வேண்டுமா? பால் பற்றாவிட்டால் பால்மாவு கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். இரண்டு குழாயும் ஒரே மோட்டாரில் இருந்து, ஒரு பக்கம் மட்டும் மந்தம் என்றால் குற்றம் பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது. மாரில் வைக்கும் புனலுக்குக் கீழே வாத்தின் அலகு போல ஒரு சிலிக்கோன் வால்வு இருக்கும். அதைக் கழற்றி வலதை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மந்தமும் பக்கம் மாறினால் வால்வுதான் காரணம். அதன் நுனியில் உள்ள கீறல் சும்மா இருக்கும்போது ஒட்டி மூடியிருக்க வேண்டும். வாய் பிளந்து நின்றால் காற்று கசிந்து இழுவை போய்விடும். போத்தல் பிரஷை அதற்குள் விட்டுத் தேய்ப்பதால்தான் பலருக்கு இப்படி ஆகிறது. சோப்பு நீரில் அலசி, விரலால் லேசாக வழித்தால் போதும். தினம் மூன்று நான்கு முறை பால் எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வை மாற்றத்தான் வேண்டும். பம்ப்பின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

அடுத்து புனலின் அளவு. பெட்டியில் வருவது பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர். காம்பின் அடிப்பகுதியை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக எடுங்கள். பெரிய புனலில் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும். வலிதான் மிஞ்சும், பால் வராது.

உதிரிகளை மாற்றியும், மோட்டாரில் குழாய் செருகும் அதே துளையின் பக்கம் இழுக்கவில்லையென்றால் பொருளிலேயே குறை. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வாசகம் அந்த உரிமையை ரத்து செய்யாது. மனம் மாறித் திருப்பித் தருவதை அவர் மறுக்கலாம். பழுதான பொருளில் சுத்தத்தைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. இரண்டு பக்கமும் இழுப்பதைக் காணொளி எடுத்து, ரசீதோடு எழுத்தில் அனுப்புங்கள். அசையாவிட்டால் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை.

இனி பால் கணக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு, நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 25 முதல் 30 மில்லி என்று வையுங்கள். 13 மணி நேரத்துக்கு 325 முதல் 390 மில்லி. அதை 70, 80 மில்லியாக ஐந்து போத்தலில் பிரித்துக் கொடுக்கலாம். 240 மில்லி போத்தல் செட் வீண். நிப்பிள் மிக மெதுவாகச் சொட்டுவதாக இருக்கட்டும். 'பிபிஏ (பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ஒரு ரசாயனம்) இல்லாதது' என்ற முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பிபிஏ கலந்த பால் போத்தலுக்கு இங்கே 2012 மார்ச் முதலே தடை. ஸ்டெரிலைசருக்குப் பதில் சட்டியில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். பால் சுடவைக்க ஒரு குவளை வெந்நீர் போதும், மைக்ரோவேவ் மட்டும் கூடாது.

காசு போட வேண்டியது குளிர்ப்பையிலும் நான்கு ஐஸ் பேக்கிலும்தான். எடுத்த பால் 25 டிகிரியில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். ஏர்கான் இல்லாத இடத்தில், நம் ஊர் வெயிலில் அதை நம்பாதீர்கள். உறைந்த ஐஸ் பேக்கோடு பையில் 24 மணி நேரம், குளிர்பெட்டியில் நான்கு நாள். உறைய வைத்ததை இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. புதிதாக எடுத்த சூடான பாலைப் பழைய குளிர்ந்த பாலில் அப்படியே ஊற்றாமல், ஆறவைத்துச் சேருங்கள்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 15, 20 நிமிடம் பால் எடுங்கள். ஷிப்டில் மூன்று முறையாவது முடிகிறதா என்று சூப்பர்வைசரிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். மாரில் தேங்கும் பால், சுரப்பதைக் குறைக்கச் சொல்லும் சைகை. அதனால் பகல் முழுவதும் பால்மாவுக்கு மாறினால் இரண்டு மூன்று வாரத்தில் இரவுப் பாலும் குறையலாம். ஒரு வேளை மட்டும் மாவு கொடுப்பதில் தவறில்லை. தாய்ப்பாலை முதலில் கொடுத்து, குறைக்கு மாவுப்பாலைத் தனிப் போத்தலில் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்து பிள்ளை மிச்சம் வைத்தால் தாய்ப்பாலும் சேர்ந்து கொட்டிப்போகும். கொதித்த நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போதே, டின்னில் உள்ள கரண்டியால், அதில் போட்ட அளவுப்படி கலக்க வேண்டும். மாவுப்பாலைக் குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். மாமியாருக்கு இது மனசுக்கு ஒப்பாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போத்தல் பழக்கத்தை இந்த வாரமே ஆரம்பியுங்கள், கொடுப்பவர் மாமியாராக இருக்கட்டும். உங்கள் மடியில் இருந்தால் பிள்ளை போத்தலைத் தள்ளிவிடும்.

கேள்வி: செந்தூலில் தோழி பயன்படுத்திய பம்ப்பைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே ஈரமோ கரும்புள்ளியோ தெரிந்தால் வேண்டாம். பால் மோட்டார் வரை போயிருக்கும், அதைப் பிரித்துக் கழுவ வழியில்லை. பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவே தடுப்பு உள்ள மாடல் என்றால் மோட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு, புனல், வால்வு, குழாய் எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள். அந்த உதிரிகளின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.