எலெக்ட்ரிக் ஆர்சி விமானம்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

ஆர்சி விமானம்னா ரிமோட்ல ஓட்டுறது. பேட்டரி மோட்டார் வெச்ச அந்த மாதிரி மாடல் விமானத்த எப்படிப் பத்திரமா பறக்க விடுறதுன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க, முடிஞ்ச வரைக்கும் எல்லாத்துக்கும் பதில் எழுதியிருக்கேன்.

அண்ணா, புது 3எஸ் (மூணு செல் பேட்டரி) செட் வந்துருச்சு. மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கணும், ப்ராப்ப (ப்ரொப்பெல்லர் விசிறி) மாட்டியே டேபிள்ல வெச்சுப் பாக்கலாமா?

வேணாம் தம்பி, தயவு செஞ்சு ப்ராப்ப கழட்டிருங்க. மோட்டார் தண்டுல ஒரு சின்ன டேப் துண்டு ஒட்டினா எந்தப் பக்கம் சுத்துதுன்னு நல்லா தெரியும், திசை தப்பா இருந்தா மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்திப் போட்டா போதும். இதுல நான் ஏன் இவ்ளோ கண்டிப்பா இருக்கேன்னா, 10 இன்ச் ப்ராப் நிமிஷத்துக்கு 8000 சுத்து சுத்துனா அதோட நுனி மணிக்கு சுமார் 380 கிலோமீட்டர் வேகத்துல போகுது. பெட்ரோல் இன்ஜினா இருந்தா கை பட்டதும் சில சமயம் ஆஃப் ஆயிடும், எலெக்ட்ரிக் மோட்டார் அப்படி விடாது, தடுக்கத் தடுக்க இன்னும் கரண்ட்ட இழுத்து சுத்தப் பாக்கும்.

எனக்கே நடந்துச்சு. பேட்டரிய சொருகிட்டு மூடிய மூட குனிஞ்சேன், கழுத்துல தொங்குன ரிமோட்ல மோட்டார் வேகத்தக் கூட்டிக் கொறைக்கிற த்ராட்டில் குச்சி சட்டையில மாட்டி மேல ஏறிடுச்சு. ஒரு சத்தம் கேட்டுச்சு, அவ்ளோதான், வலது கை ஆள்காட்டி விரல்ல மூணு எடத்துல வரிசையா வெட்டு, ஒவ்வொன்னுக்கும் நடுவுல ஒரே அளவு இடைவெளி. வலி கூட அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து மோட்டார சுத்த விடாம தடுக்கிற த்ராட்டில் கட் சுவிட்ச் போடாம நான் பேட்டரிய தொடுறதே இல்ல. உங்க ரிமோட்லயும் ஒரு சுவிட்ச்ச அதுக்குன்னே ஒதுக்கிருங்க. பேட்டரி சொருகின நிமிஷத்துலேர்ந்து அந்த மோட்டார் எப்ப வேணா சுத்தும்னு நெனச்சுக்கோங்க, கை ப்ராப்புக்குப் பின்னாடி இருக்கணும், யாரும் அதோட முன்னாடியோ பக்கவாட்டுல அது சுத்துற கோட்டுலயோ நிக்கக் கூடாது.

சார், மொதல்ல ரிமோட் ஆன் பண்ணணுமா, பிளேனா?

ரிமோட் மொதல்ல ஆன், கடைசியா ஆஃப். எப்பவுமே. ஆன் பண்ணதும் சரியான மாடல் செலக்ட் ஆயிருக்கான்னு ஸ்க்ரீன்ல ஒரு பார்வை பாருங்க, வேற பிளேனோட மெமரில இருந்தா த்ராட்டில் தலைகீழா கூட இருக்கலாம், சொருகினதும் ஃபுல் வேகத்துல சுத்தவும் வாய்ப்பு இருக்கு.

ஃபெயில்சேஃப் எல்லாம் அவசியமா ப்ரோ? 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சிக்னல் போறதே இல்லையே.

போகும் ப்ரோ. சிக்னல் போயிட்டா பிளேன் என்ன செய்யணும்னு முன்னாடியே செட் பண்ணி வெக்கறதுதான் ஃபெயில்சேஃப். ஆன்டெனா கார்பன் ஃபைபருக்குப் பின்னாடி மறைஞ்சாலும் போகும், றெக்கை, வால் பாகத்த அசைக்கிற செர்வோ எல்லாம் ஒன்னா கரண்ட் இழுத்து வோல்டேஜ் விழுந்தாலும், பிளேன்ல சிக்னல வாங்குற ரிசீவர் ஒரு செகண்ட் மயங்கிடும். சில ரிசீவர் சிக்னல் போனா கடைசியா இருந்த த்ராட்டிலயே புடிச்சு வெச்சுக்கும், அதுதான் ஆபத்து, ஏன்னா ஃபுல் த்ராட்டில்ல யார் மேல போய் விழும்னு சொல்ல முடியாது. இன்னும் சிலது பைண்ட் பண்றப்ப (ரிமோட்டையும் ரிசீவரையும் ஜோடி சேக்கறப்ப) குச்சி எங்க இருந்துச்சோ அதையே ஃபெயில்சேஃப்னு சேவ் பண்ணிக்கும், அதனால பைண்ட் பண்ணும்போது த்ராட்டில் அடியில இருக்கட்டும். டெஸ்ட் பண்ண ப்ராப்ப கழட்டிட்டு பாதி த்ராட்டில் குடுத்து ரிமோட்ட ஆஃப் பண்ணுங்க. மோட்டார் நிக்கலன்னா அந்த பிளேன் அன்னிக்கு பறக்கக் கூடாது.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி லேசா உப்பியிருக்கு, ஆனா நல்லா ஓடுது. யூஸ் பண்ணலாமாண்ணா?

வேணாம். உள்ள கேஸ் உருவாகியிருக்குன்னு அர்த்தம், அத மறுபடி சார்ஜ்ல போடாதீங்க. கீழ விழுந்து நசுங்கினதும் அப்படித்தான், வெளிய ஒன்னும் தெரியாம கொஞ்ச நேரம் கழிச்சுக் கூட தீ புடிச்சுக்கும், அதனால கிராஷ் ஆன பேட்டரிய உடனே கார்லயோ வீட்டுக்குள்ளயோ வெக்காம வெளிய தனியா வெச்சுக் கண்காணிங்க.

சார்ஜ் பத்தியும் சேத்து சொல்லிடறேன். 2200 எம்ஏஹெச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், அதான் 1சி, அதாவது பேட்டரி கொள்ளளவுக்கு சமமான கரண்ட். சார்ஜர்ல லிப்போ மோடு, செல் எண்ணிக்கை ரெண்டும் சரியான்னு பாத்துட்டு எல்லா செல்லையும் சமமா ஏத்த பேலன்ஸ் பிளக்கையும் மாட்டுங்க, ஒரு செல் 4.2 வோல்ட்டத் தாண்டக் கூடாது. கிட்ட ஆள் இல்லாம சார்ஜ் போடாதீங்க, தூங்கும்போது கண்டிப்பா கூடாது. ஒரு வாரம் பறக்கப் போறதில்லன்னா செல்லுக்கு 3.8 வோல்ட் வாக்குல ஸ்டோரேஜ்ல போட்டு வைங்க.

எத்தன நிமிஷம் பறக்கலாம்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

மொத தடவ 4 நிமிஷத்துல எறக்கிடுங்க. அப்புறம் சார்ஜ் போடும்போது சார்ஜர் எவ்ளோ உள்ள ஏத்துச்சுன்னு காட்டும். 1120 எம்ஏஹெச் ஏறுச்சுன்னு வைங்க, நிமிஷத்துக்கு 280 ஆச்சு. 2200 பேட்டரில 80 சதவீதம்தான் எடுக்கணும், அதாவது 1760. வகுத்தா 6 நிமிஷத்துக்கு மேல கொஞ்சம் வருது, டைமர 6ன்னு வைங்க, காத்து அடிச்சா 5. மேல இருக்கும்போதே மோட்டார் கட் ஆயிட்டா பதறாதீங்க, செர்வோவுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டுத்தான் இஎஸ்சி (மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்துற கருவி) மோட்டார நிறுத்தும், மூக்க லேசா கீழ எறக்கி வேகத்த வெச்சுக்கிட்டு நேரா எறங்குங்க, திரும்பி வரணும்னு மூக்கத் தூக்கினா ஸ்டால் ஆகி, அதாவது றெக்கை தூக்கிப் புடிக்க முடியாம விழும்.

என் பிளேன் கைய விட்டதும் ஒரு பக்கமா புரண்டு விழுந்துருச்சு. ஏன்?

நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா ஏலரான் (றெக்கையோட பின் ஓரத்துல அசையற பலகை) ரிவர்ஸா இருக்கும்னுதான் தோணுது. பிளேனுக்குப் பின்னாடி நின்னு குச்சிய வலது பக்கம் தள்ளுங்க, வலது றெக்கையோட ஏலரான் மேல எழும்பணும். குச்சிய உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் (வால்ல அசையற பலகை) மேல எழும்பணும். அசையுதான்னு மட்டும் பாத்துட்டு நெறைய பேர் விட்டுடறாங்க, எந்தப் பக்கம் அசையுதுன்னு பாக்கணும். ஒவ்வொரு தடவ பேட்டரி மாத்தும்போதும் பாருங்க.

பிளேன் என்னப் பாத்து வரும்போது இடது வலது கொழம்புது அண்ணா.

எல்லாருக்கும் கொழம்பும்மா. எந்த றெக்கை தாழ்ந்திருக்கோ அந்தப் பக்கம் குச்சிய தள்ளுங்க, கீழேர்ந்து முட்டுக் குடுக்கற மாதிரி நெனச்சுக்கோங்க, பிளேன் நேராயிடும். ஆனா உங்க தலைக்கு மேலயும் வேடிக்கை பாக்கறவங்க பக்கமும் கொண்டு வரவே வேணாம், பறக்கறது முழுக்க உங்களுக்கு முன்னாடியே நடக்கட்டும்.

மரத்துல மாட்டிக்கிச்சுன்னா?

உடனே த்ராட்டில் ஜீரோ. ப்ராப் கிளையில சிக்கி சுத்த முடியாம இருக்கும்போது குச்சி மேலயே இருந்தா இஎஸ்சி எரியும், மோட்டாரும் போகும், சில சமயம் தீயும் புடிக்கும். கரண்ட் கம்பியில மாட்டுச்சுன்னா கம்பு வெச்சு தட்டறது, மேல ஏறறது எதுவும் வேணாம், மின்சாரத் துறைக்கு சொல்லிட்டு தள்ளி நில்லுங்க. பிளேன் போனா போகட்டும்.