காணித் தரகருக்கு உரிமம் உண்டா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்து காணித் தரகைப் பற்றியவை. ஐந்தும் வன்னியிலிருந்து வந்தவை. சிலவற்றில் வெளிநாட்டில் இருக்கும் ஒருவரும் தலைகாட்டுகிறார். ஆகையால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (வாசகி, கனகபுரம், கிளிநொச்சி): ஐயா, எங்கள் அரை ஏக்கர் உறுதிக் காணியை விற்றுத் தருவதாக ஒரு தரகர் வந்தார். தமது கடையில் கண்ணாடிச் சட்டகம் போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைக் காட்டி, தாம் அரசாங்கத்தின் அனுமதி பெற்றவர் என்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையோ, உரிமம் இல்லாமல் எவரும் வீடு விற்க முடியாது, உரிம இலக்கத்தைக் கேள் என்கிறாள். கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. யார் சொல்வது சரி?

பதில்: அம்மா, உங்கள் தங்கை சொல்வது அவர் வாழும் ஊருக்குச் சரி. தரகர் காட்டிய தாள் பெரும்பாலும் வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழாக இருக்கும். இன்ன பெயரில், இன்ன விலாசத்தில், இன்னார் இன்ன தொழில் நடத்துகிறார் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. பலசரக்குக் கடைக்கும் சைக்கிள் திருத்தும் கடைக்கும் கிடைப்பது அதே சான்றிதழ்தான். அவருக்குக் காணிச் சட்டம் தெரியுமா, அவர் கையில் கொடுத்த காசு பத்திரமாக இருக்குமா என்பவற்றை அந்தச் சான்றிதழைக் கொடுத்த அலுவலர் ஆராய்ந்ததும் இல்லை, ஆராயக் கடமைப்பட்டவரும் அல்லர்.

ரொறன்ரோ இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே வீடு விற்கும் முகவர்களுக்கான 2002ஆம் ஆண்டின் சட்டமொன்று புதுப்பிக்கப்பட்டு, அதன் முக்கியமான மாற்றங்கள் 2023 டிசம்பர் 1ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளன. ஒன்ராறியோ வீடு மனை விற்பனைச் சபை அதை நிர்வகிக்கிறது. குறித்த பாடநெறியைப் படித்துப் பரீட்சையில் தேறி, பின்னணி விசாரணைக்கு உட்பட்டு, தொழிற்பொறுப்புக் காப்புறுதியும் பெற்றவரே அங்கே பதிவு பெற முடியும். அந்தப் பதிவையும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இதைவிட முக்கியமானது, அந்த முகவர் தனி ஆளாகத் தொழில் செய்ய முடியாது என்பது. அவர் ஒரே ஒரு தரகு நிறுவனத்தின் கீழ் இருக்க வேண்டும். கொமிஷன் அந்த நிறுவனத்துக்கே வந்து, அங்கிருந்துதான் அவருக்குப் போகும். நிறுவனத்தில் நடப்பவை சட்டப்படி நடக்கின்றனவா என்பதற்குப் பதில் சொல்லவென்று ஒரு பொறுப்புத் தரகர் பெயர் குறித்து நியமிக்கப்பட்டிருப்பார். வாங்குபவர் கொடுக்கும் முற்பணம் நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் கலக்காமல், ஐந்து வேலை நாட்களுக்குள் தனியான நம்பிக்கைக் கணக்கில் இடப்பட வேண்டும். ஒழுக்காற்றுக் குழு முகவருக்கு 50,000 டொலர் வரையும் நிறுவனத்துக்கு 100,000 டொலர் வரையும் தண்டம் விதிக்கலாம்.

இத்தனை வேலி போட்டும் மாடு உள்ளே போகாமல் இருப்பதில்லை. 2025ஆம் ஆண்டில் அதே மாகாணத்தில் ஒரு தரகு நிறுவனத்தின் நம்பிக்கைக் கணக்கில் பல மில்லியன் டொலர் குறைந்திருந்தது வெளியே வந்து, கண்காணிக்க வேண்டிய சபையே கேள்விக்கு உள்ளானது. ஆனாலும் முற்பணத்துக்குக் காப்புறுதி இருப்பதால், இழந்தவர் போய்க் கேட்பதற்கு ஒரு கதவாவது அங்கே உண்டு. இங்கிலாந்தில் வீடு விற்கும் முகவருக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் முறைப்பாடுகளை விசாரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பொன்றில் அவர் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும்.

நமது நாட்டில் பாடநெறி, பரீட்சை, பொதுப் பதிவேடு, நம்பிக்கைக் கணக்கு என்று ஒன்றோடொன்று கட்டப்பட்ட அப்படியொரு முறை காணித் தரகருக்கு இல்லை. ஆகவே இல்லாத இலக்கத்தைக் கேட்டு அவரைக் கோபப்படுத்துவதால் பயன் இல்லை. வேறு மூன்றைக் கேளுங்கள்: அவருடைய தேசிய அடையாள அட்டைப் பிரதி; எத்தனை வீதம் கொமிஷன், யாரிடம், எப்போது வாங்குவார் என்று எழுதிக் கையொப்பமிட்ட தாள்; உறுதியின், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தின், மூலப்பிரதியைத் தம்மிடம் விட்டுவைக்கும்படி கேட்கமாட்டார் என்ற உறுதிமொழி. கடைசியானதை வலியுறுத்திச் சொல்கிறேன். காணிக் கந்தோரில் தோம்பு (காணிப் பதிவேடு) தேடிப் பார்ப்பதற்கு உறுதியின் இலக்கமும் பதிவு விபரமும் போதும். மூலப்பிரதி, உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசைக்குப் போகும் நாள்வரை உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், வட்டக்கச்சி): பிரான்சில் இருக்கும் ஒருவரின் மேட்டுக்காணியை வாங்குவதற்காகத் தரகரிடம் ஐந்து இலட்சம் ரூபா முற்பணம் கொடுத்தேன். முத்திரை ஒட்டிய துண்டு தந்தார். காணி பெர்மிட் (அனுமதிப்பத்திர) காணி. சத்தியக்கடதாசி ஒன்று முடித்தால் பிறகு பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றார். நான்கு மாதமாகிறது. துண்டை வைத்து வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய பிரதியைப் பலமுறை வாசித்தேன். கோடு போட்ட கொப்பி ஒற்றை, மேலே திகதி, "வட்டக்கச்சிக் காணிக்கு அட்வான்ஸ்" என்று ஒரு வரி, தொகை எழுத்திலும் இலக்கத்திலும், முத்திரைமேல் தரகரின் கையொப்பம். காணிக்காரரின் பெயர் இல்லை. எல்லை இல்லை, பரப்பளவு இல்லை, அனுமதிப்பத்திர இலக்கமும் இல்லை. தரகர் காணிக்காரருக்காக வாங்கினாரா, தமக்காக வாங்கினாரா என்பதும் அதில் இல்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி, அசையாச் சொத்தை விற்பது மட்டுமன்றி, விற்பதாக உடன்படுவதும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட்டால்தான் செல்லும். எனவே காணியை எழுதித் தா என்று இந்தத் துண்டை வைத்துக் கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பித் தா என்று கேட்பதற்கு அது சான்றாகும். அதற்காகவே அதைக் கவனமாக வைத்திருங்கள்.

மற்றது இதைவிடப் பெரிய சிக்கல். இரணைமடுவின் கீழுள்ள குடியேற்றக் காணிகளைப் போல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்ட காணி அரச காணியே. பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் சட்டத்தின் முன் வெறுமையானது. சத்தியக்கடதாசி என்பது ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சத்தியம் செய்து எழுதும் தாள்; அதனால் காணி கைமாறாது. பெர்மிட் காணியைச் சத்தியக்கடதாசியில் "முடித்துத்" தருவதாகச் சொல்லும் தரகர் ஒன்றில் சட்டம் அறியாதவர், அல்லது நன்றாகவே அறிந்தவர். அனுமதிப்பத்திரத்தின் பிரதியுடன் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குச் சென்று, இப்போது யார் பெயரில் இருக்கிறது, பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணி போய்ச்சேரும்படி பெயர் குறிக்கப்பட்டவர்) யார் என்று முதலில் கேளுங்கள். அதன்பின் ஒரு சட்டத்தரணி மூலம் காசைத் திருப்பிக் கோரும் கடிதத்தை அனுப்புங்கள். காணிக்காரரின் அனுமதியே இல்லாமல் தரகர் காசு வாங்கியிருந்தால் பொலிஸிலும் முறைப்பாடு செய்யலாம்.

கேள்வி (வாசகர், புதுக்குடியிருப்பு): என் மகன் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் வீடு விற்பனை உரிமம் எடுத்திருக்கிறான். விடுமுறையில் வந்து இங்கேயும் காணி வாங்கி விற்க விரும்புகிறான். அந்த உரிமம் இங்கே செல்லுமா?

பதில்: செல்லாது ஐயா. ஒன்ராறியோவின் பதிவு அந்த மாகாணத்துக்கு உரியது; பக்கத்து மாகாணமான கியூபெக்கில் தொழில் செய்வதற்கும் வேறு உரிமம் வேண்டும். மகனின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். அங்கே புதிதாகப் பதிவு பெறுபவர் விற்பனை முகவர். தரகர் என்று போட்டுக்கொள்வதற்கு அனுபவமும் மேலதிகப் படிப்பும் வேண்டும். நம்மூரில் எல்லோரையும் புரோக்கர் என்றே அழைப்பதால் இந்த வேறுபாடு நமக்குச் சிறிதாகத் தோன்றும். அங்கே தகுதிக்கு மேற்பட்ட பெயரைப் போடுவதும், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு விளம்பரம் செய்வதும் ஒழுக்காற்றுக் குற்றம்.

"வாங்கி விற்க" என்று எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மகன் கனேடியக் குடியுரிமை பெற்று, இலங்கைக் குடியுரிமையை இரட்டைக் குடியுரிமையாகத் தக்கவைக்காமல் விட்டிருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிப் பராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அவர் வெளிநாட்டவர். வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை விலைக்கு எழுத முடியாது. பெற்றோரிடமிருந்து உரிமை வழியாக வருவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இதனைத் தெரியாத தரகர்கள், வெளிநாட்டிலிருந்து வருபவரின் கடவுச்சீட்டைப் பார்க்காமலேயே விலை பேசி முற்பணமும் வாங்கிவிடுகிறார்கள். பிறகு ஊரில் உள்ள ஒரு மைத்துனரின் பெயரில் எழுதிவைப்பதும், ஐந்து ஆண்டு கழித்து மைத்துனரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போவதும் வன்னிக்குப் புதிய கதை இல்லை.

கேள்வி (வாசகர், மாங்குளம்): விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகர் மூன்று வீதம் கேட்கிறார். இது சட்டமா?

பதில்: இல்லை; பேச்சு. ஒன்ராறியோவிலும் கொமிஷன் வீதத்தைச் சட்டம் நிர்ணயிப்பதில்லை. ஆனால் ஒரே நிறுவனம் இரு பக்கத்துக்கும் நின்றால், அதனால் ஒவ்வொருவரும் இழப்பது என்ன என்று விளக்கி, இருவரிடமும் எழுத்தில் சம்மதம் பெற வேண்டும். இங்கே எழுத்தில் இல்லாவிட்டாலும் வாயாலாவது கேளுங்கள்: அண்ணை, நீங்கள் அந்தப் பக்கத்திலும் வாங்குகிறீர்களா? இரு பக்கமும் வாங்குபவரிடம் உங்களுடைய ஆகக்கூடிய விலையைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி (வாசகர், மல்லாவி): நான் பத்து ஆண்டுகளாகக் காணித் தரகு செய்கிறேன். எல்லோரும் எங்களைத் திருடர் என்கிறார்கள். ஒழுங்காகச் செய்ய நினைக்கும் என்னைப் போன்றவனுக்கு என்ன கடமைகள் உண்டு?

பதில்: தம்பி, இப்படி ஒரு கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. உரிமம் இல்லை என்பதால் கடமையும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டம் வீடு, காணி விற்பனை முகவர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. வாடிக்கையாளர் யார் என்று அடையாளம் காண்பது, காசு எங்கிருந்து வருகிறது என்பதில் கவனமாக இருப்பது, ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருப்பது, சந்தேகத்துக்கு இடமான கொடுக்கல் வாங்கலை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிப்பது ஆகியன அதன்படி வரும் கடமைகள். வன்னியில் இதைக் கேள்விப்பட்ட தரகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தொழிலைப் பொறுத்தவரை, முற்பணத்தை உங்கள் கையால் தொடாமல் விடுவதே முதல் வேலை. வாங்குபவரும் விற்பவரும் நொத்தாரிசின் மேசையில் நேருக்கு நேர் கொடுத்து வாங்கட்டும். காசு தம் முன்னிலையில் கைமாறியதா என்பதை நொத்தாரிசு உறுதியின் அத்தாட்சியில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி உங்களையும் காப்பாற்றும். வெளிநாட்டுக்காரரின் காணியென்றால் அற்றோர்னித் தத்துவத்தின் (தமக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தின்) பிரதியைப் பார்த்து, விற்பதற்கும் அதில் அதிகாரம் உண்டா என்று வாசியுங்கள். பராமரிக்க மட்டும் கொடுத்த தத்துவத்தை வைத்து விலைபேச முடியாது. தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் தொலைபேசியில் அவருடனேயே பேசி அறியுங்கள். கொடுத்தவர் இறந்த அன்றே தத்துவமும் முடிந்துவிடும். லண்டனில் நடந்த செத்தவீட்டுச் செய்தி மல்லாவிக்கு வந்து சேராமலே உறுதி முடிந்த சம்பவமும் உண்டு. பங்குக் காணியாக இருந்தால், வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி, ஏனைய பங்குக்காரருக்கு முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு விற்குமுன் தாமே வாங்கும் உரிமை, உண்டு. அதற்கென 1947ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் போனதா என்று விற்பவரிடம் கேட்காமல் வாங்குபவரைக் கூட்டிப் போகாதீர்கள்.

ஒரு பெரிய கொப்பி வாங்கி ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் கேட்டார், யார் காட்டினார், காணியில் வெள்ளம் நிற்குமா, கிணற்றுத் தண்ணீர் உவரா, பாதை யாருடைய காணிக்குள்ளால் போகிறது, வாங்குபவருக்கு இவற்றுள் எதை எப்போது சொன்னீர்கள் என்று திகதியோடு எழுதிவையுங்கள். தெரிந்த குறையை மறைத்து விற்றதாக நாளை ஒருவர் சொன்னால், எடுத்துக் காட்டுவதற்கு உங்களிடம் அந்தப் பக்கம் இருக்கும். ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கொப்பி என்பதால், கறையானுக்கு எட்டாமல் தகரப் பெட்டியில் வையுங்கள்.