லிப்ட் சில்லறை விஷயமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கோலாலம்பூரில் ஒரு நகரத் திட்ட ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2018 பிப்ரவரியில் ஐ.நா. நடத்தும் உலக நகர்ப்புற மன்றத்தின் ஒன்பதாவது மாநாடு இங்கே நடந்தபோது தன்னார்வலராக இருந்தேன். அப்போது பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. எந்த நாடும் தன் நகர்ப்புறக் கொள்கையைத் தனியாக உட்கார்ந்து எழுதக்கூடாது, மற்ற நாடுகளோடு பேசி, அவர்கள் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டு எழுதவேண்டும் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் நாம் யாரிடம் கற்பது? சிங்கப்பூரிடமா, தென்கொரியாவிடமா, நம்மைப்போலத் திணறும் இந்தோனேசியாவிடமா?

இன்னொரு வருத்தம். மக்களிடம் கருத்துக் கேட்க என்று கூட்டம் போட்டால் நம் ஆட்கள் வருவதே இல்லை. வந்தாலும், 2040-ல் நகரம் எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டால் லிப்ட், குப்பை, பார்க்கிங் என்று சில்லறை விஷயங்களையே பேசுகிறார்கள். தமிழ் எழுத்தாளர்களும் இதைப்பற்றியெல்லாம் ஏன் எழுதுவதில்லை?

ஒரு வாசகி, செந்தூல்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. நகரத் திட்டம் படித்து, அதே வேலையில் இருந்துகொண்டு, தமிழில் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறீர்களே என்று. மறுபடி படித்தபோது 'சில்லறை விஷயங்கள்' என்ற இடத்தில் கோபம் வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. அதனால் கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தமிழ் எழுத்தாளர்கள் ஏன் எழுதுவதில்லை என்பதை விடுங்கள். அது பேசித் தீராத பேச்சு.

நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கத்தான் வேண்டும். 2016-ல் ஈக்வடார் நாட்டின் கீட்டோவில் நடந்த மாநாட்டில் ஐ.நா.வின் புதிய நகர்ப்புறச் செயல்திட்டம் ஏற்கப்பட்ட சமயத்தில், ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பான யுஎன் ஹாபிடாட், வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி, நகர்ப்புற ஏழைகளுக்காக இயங்கும் சிட்டீஸ் அலையன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து தேசிய நகர்ப்புறக் கொள்கைக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கின. 2018-ல் வந்த அறிக்கையில் 150 நாடுகளைப் பார்த்ததில், இதுதான் எங்கள் நகர்ப்புறக் கொள்கை என்று எடுத்துக் காட்டும்படியான ஒன்று 76 நாடுகளிடம் இருந்தது. மலேசியா இதில் பின்தங்கவில்லை. நம் முதல் கொள்கை 2006-ல் வந்தது, இரண்டாவது 2016-ல். 1970-ல் இந்த நாட்டில் நூற்றுக்கு 28 பேர்தான் பட்டணத்தில் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் அது 75. ஐம்பது வருஷத்தில் இப்படிப் புரண்ட நாடு, முன்னால் அடிபட்டவர்களிடம் போய்க் கேட்பதுதான் புத்தி.

அதற்கும் முன்னால் நாம் நமக்குள்ளேயே பேசியாக வேண்டும். நிலம் மாநிலத்தின் கையில், நகராண்மைக் கழகங்களும் மாநிலத்தின் கையில். மத்திய அரசு புத்ராஜெயாவில் எழுதும் கொள்கையை மாநிலங்கள் கையில் எடுக்காவிட்டால் அது காகிதத்தோடு நிற்கும். மத்திய அரசும் மாநிலங்களும் ஒரே மேசையில் உட்காரவேண்டும் என்றுதான் அரசியல் சாசனத்தின் 95ஏ பிரிவு ஊராட்சிக்கென ஒரு தேசிய மன்றத்தையே வைத்திருக்கிறது.

யாரிடம் கற்பது என்று கேட்டீர்கள். பணக்கார நாட்டிடம்தான் பாடம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிரேசிலின் குரிட்டிபா 1970களில் பேருந்துக்குத் தனிப்பாதை போட்டது. அதைப் பார்த்து கொலம்பியாவின் போகோட்டா 2000-ல் ஓட்டியது, போகோட்டாவைப் பார்த்து ஜகார்த்தா 2004-ல் ஓட்டியது. மூன்றுமே நெரிசலில் மூச்சு முட்டிய ஊர்கள். நீங்கள் திணறுகிறது என்று சொல்லும் இந்தோனேசியாவில்தான் அந்த ஜகார்த்தா இருக்கிறது.

ஆனால் போய்ப் பார்த்து வருகிறவர்கள் எதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்? என் வழக்கு அங்கேதான். சிங்கப்பூருக்கு யார் போனாலும் அடுக்குமாடியைப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை வருஷத்தில் கட்டினீர்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். அங்கே பழைய அடுக்குமாடிகள் பலவற்றில் ஒருகாலத்தில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காமல் இருந்ததையும், மூன்று நான்கு மாடிக்கு ஒருமுறைதான் நின்றதையும், குடியிருந்தவர்களுக்கு வயதானதும் அது பெரிய தலைவலியானதையும் யாரும் கேட்டு வருவதில்லை. 2001-ல் அதைச் சரிசெய்ய ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் வாக்கெடுப்பு. வாக்குரிமை உள்ள வீட்டுக்காரர்களில் 75 விழுக்காட்டினர் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். செலவில் பெரும்பகுதி அரசாங்கத்துடையது. அடுக்குமாடிகளைப் பராமரிக்கும் டவுன் கவுன்சில்கள் மாதாமாதம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கை, பின்னால் வரும் பெரிய பழுதுகளுக்கான சேமநிதியில் போட்டே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். லிப்ட்டை மாற்றுவதற்கென்றே தனி நிதியும் வந்துவிட்டது. கற்கவேண்டிய பாடம் இது. கட்டடம் எழும்பிய பிறகு முப்பது வருஷம் அதை ஓடவைப்பது எப்படி, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்பது.

இப்போது நம் பக்கம் வாருங்கள். மக்கள் வீடமைப்புத் திட்டத்து வாடகை வீடுகள் உங்களுக்குத் தெரிந்ததுதான். 700 சதுர அடி, மூன்று அறை, மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்). அந்த வீடுகளில் ஏறியவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை போய், லயத்து வீடும் போய், பட்டணத்து ஓரத்தில் புறம்போக்கில் பலகை வீடு கட்டி, அதையும் உடைத்து ரூமா பாஞ்சாங் என்ற நீண்ட வரிசை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டு, 'தற்காலிகம்' என்ற சொல்லை வருஷக்கணக்கில் கேட்டு, கடைசியில் வானத்தில் ஒரு வீடு. அதுவரைக்கும் வாசலில் கோலம் போட்டு, பின்னால் முருங்கை வைத்து, தரையில் வாழ்ந்தவர்கள்.

என் பெரியம்மா அப்படித்தான் கோலாலம்பூரில் ஒரு பிளாட்டின் பதினான்காவது மாடிக்குப் போனார். ஏறி சில வருஷத்தில் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. செவ்வாய், வியாழன், சனி. விடிகாலை ஷிப்ட். அந்த பிளாக்கில் லிப்ட் இருந்தது, ஒன்று எப்போதுமே ஓடாது, மற்றது நினைத்தால் ஓடும். அது நின்ற நாட்களில் பெரியம்மாவின் மகனும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பையனும் அவரை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவார்கள். நாற்காலியின் கால் விரிந்துவிடும் என்று நான்கு காலையும் ராஃபியா கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் நிறுத்தி மூச்சு வாங்கி, ஆள் மாறி, மறுபடி தூக்கி. படிக்கட்டில் விளக்கு இருக்காது, கைப்பேசியை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார்கள். கீழே போய்ச் சேரும்போது நாற்காலியில் இருந்தவருக்கும் வியர்த்திருக்கும், பயத்தில். இறக்குவதாவது பரவாயில்லை. நான்கு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்து முடிந்த உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி துவண்டிருக்கும், அதைப் பதினான்கு மாடி ஏற்றவேண்டும். அதனால் சில நாள் 'இன்னிக்கு வேணாம்பா' என்று பெரியம்மா போகாமலே இருந்துவிடுவார். போகாவிட்டால் கால் வீங்கும், ராத்திரி படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குவார்.

ஒருமுறை அந்த வட்டாரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நான் போயிருந்த சமயம் என்பதால் பெரியம்மாவையும் கூட்டிப்போனேன். மண்டபத்துச் சுவர் முழுக்க வண்ண வண்ணமாக வரைபடம். வந்திருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இருபது வருஷத்தில் உங்கள் நகரம் எப்படி இருக்கவேண்டும், மனம் விட்டுச் சொல்லுங்கள் என்றார். பெரியம்மா எழுந்து நின்று தனக்குத் தெரிந்த மலாயில், 'லிப் ரோசாக், புவான்' என்றார், லிப்ட் கெட்டுப்போச்சு அம்மா என்று. அதிகாரி தலையாட்டிவிட்டு, இது பராமரிப்புப் பிரிவுக்குப் போகவேண்டிய புகார், இன்றைக்கு நாம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பதில் சொன்னார். பெரியம்மாவுக்கு எதிர்காலம் என்றால் அடுத்த செவ்வாய்க்கிழமை விடிகாலை. அதைத்தான் அவர் சொன்னார். அப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

தங்கச்சி, அந்த அதிகாரியின் இடத்தில் இன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். படிப்பு உங்களை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது, எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அங்கே உட்கார்ந்ததும் லிப்ட் சில்லறையாகத் தெரிகிறது என்றால் அந்தப் படிப்பை நான் மெச்சமாட்டேன். லிப்ட் ஏன் ஓடவில்லை என்று ஒரு நாள் பொறுமையாகத் தேடிப் பாருங்கள். கட்டடம் யாருடையது? 124 வெள்ளி வாடகையில் பராமரிப்புக்கு எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சாததை அமைச்சு தருமா, மாநகர் மன்றம் தருமா? வாங்கும்போது விலையை மட்டும் பார்த்தார்களா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்றும் பார்த்தார்களா? சொந்தமாக வாங்கிய மலிவு விலை பிளாட்டுகளில், பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு சேமநிதிக்கு என்று 2013-ன் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம் சொல்கிறது. கட்டணத்தையே கட்ட முடியாதவர்கள் நிறைந்த பிளாக்கில் அந்தப் பத்து விழுக்காடு எதில் பத்து? இத்தனை கேள்விக்கும் பதில் தேடினால் உங்கள் தேசிய நகர்ப்புறக் கொள்கையின் பாதி அத்தியாயங்கள் அதிலேயே வந்துவிடும். நிதி, நிர்வாகம், மத்திய மாநில உறவு, முதியோர் நலம் எல்லாம் அந்த லிப்ட்டுக்குள் இருக்கிறது. பெரியம்மா உங்கள் தலைப்பை விட்டு ஒரு அங்குலம்கூட விலகவில்லை.

வருவதே இல்லை என்கிறீர்கள். ஏன் வரவேண்டும்? கோலாலம்பூரின் 2020-க்கான திட்ட வரைவை 2008-ல் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்லச் சொன்னார்கள், ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். அது அரசிதழில் வந்தது 2018 அக்டோபரில். 2020 வருவதற்கு ஒரு வருஷம் சொச்சம்தான் இருந்தது. சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று பத்து வருஷம் தெரியாமல் இருந்தவரை அடுத்த கூட்டத்துக்கு எப்படி அழைப்பீர்கள்? ஜார்ஜ்டவுன் மக்கள் 1951-லேயே தங்கள் நகராட்சிக்கு உறுப்பினர்களை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். 1965-ல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. அதற்குள் போனால் இந்தப் பதில் முடியாது.

நான் இருக்கும் பினாங்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2012-ல் ஜார்ஜ்டவுனின் ஜாலான் சுங்கை பிளாட்டிலும், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அம்பாங்கான் பிளாட்டிலும் ஒரு முயற்சி செய்தார்கள். பராமரிப்புக்கு இருக்கும் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்பதைக் குடியிருப்பவர்களிடமே விட்டார்கள். முதலில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு. அப்புறம் பெண்கள், ஆண்கள், முதியவர்கள், இளையோர் என்று பிரித்து உட்காரவைத்துப் பேச்சு, ஏனென்றால் எல்லோரையும் ஒன்றாக வைத்தால் நான்கு ஆண்கள் மட்டுமே பேசுவார்கள். அதன் பிறகு வாக்கெடுப்பு. இந்த முறையின் வேர் பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரேயில் இருக்கிறது, 1989-ல் அங்கே நகராட்சியின் வரவு செலவையே மக்களிடம் வைத்துத் தொடங்கினார்கள். பினாங்கில் அதோடு பெண்களின் கோணத்தையும் சேர்த்தார்கள். அங்கிருந்து இங்கே வந்தது கட்டடப் படம் இல்லை, மக்களைக் கேட்கும் முறை. நீங்கள் சொல்லும் நாட்டுக்கு நாடு கற்பதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது என்றால் இதனால்தான்.

தென்கொரியாவைப் பற்றி எனக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, போகக் கிடைத்தால் போய்வாருங்கள். எங்கே போனாலும் அவர்களது பழைய கட்டடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதியில் நின்றுபோன திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது தேசிய நகர்ப்புறக் கொள்கை 2025 வரைக்கும் என்று போடப்பட்டது. அதற்கு அடுத்ததற்கான வேலையில் உங்கள் நிறுவனத்துக்கும் ஏதாவது பங்கு வரலாம். கூட்டத்தை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், ராத்திரி எட்டு மணிக்கு வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் ஏற்பாடு செய்தால் பெண்கள் வருவார்கள். அறிவிப்பைத் தமிழிலும் ஒட்டுங்கள். முடிந்து ஒரு மாதத்துக்குள் அதே இடத்துக்குப் போய், நீங்கள் சொன்னது இது, எங்களால் முடிந்தது இது, முடியாதது இது என்று சொல்லுங்கள். அறிக்கை எழுதும்போது லிப்ட், குப்பை, பார்க்கிங் என்று பேசியவர்களை 'இதர' என்ற தலைப்பில் பின்னிணைப்பில் தள்ளாமல் முதல் அத்தியாயத்தில் போடுங்கள். எடுத்துவிடு என்று மேலதிகாரி சொன்னால் எனக்கு எழுதுங்கள், எப்படி வாதாடுவது என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்