40 நாள் ராஜபாளையம் நாய்க்குட்டிக்கு முன்பணம் கொடுக்கலாமா? கூப்பிட்டால் திரும்பவில்லை; வளர வளரச் சரியாகிவிடும், தாய் வேறு ஊரில் இருக்கிறது என்கிறார் விற்பவர்.

கொடுக்காதீர்கள். 40 நாள் குட்டியை உடனே எடுத்துப்போகச் சொல்லி, தாய் வேறு ஊரில் இருக்கிறது என்பவரை நம்ப வேண்டாம். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 மத்திய விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்றீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. ராஜபாளையத்தில் தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் வருவதுண்டு. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். விற்பவர் சொல்வதுபோல் அது வளர வளரச் சரியாகாது.

சோதித்துப் பாருங்கள்:

1. குட்டியைத் தனியே பிரித்து வையுங்கள். கூடப் பிறந்தவை எழுந்தால் இதுவும் எழுந்துவிடும்.
2. தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரை அதிரக்கூடாது, காற்றும் படக்கூடாது.
3. காது அசைகிறதா என்று பாருங்கள்.

ஆனால் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதில் தேறிவிடும். ஒலிக்கு மூளை காட்டும் மின் பதிலைப் பதிவுசெய்யும் பேயர் (BAER) என்ற சோதனைதான் உறுதியாகச் சொல்லும். எங்கே செய்கிறார்கள் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், தாயை நேரில் பார்க்காமல் எந்தக் குட்டியும் வாங்காதீர்கள். தாயின் வயதையும் இது எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். அதே விதிகளின்படி பெண் நாயை 18 மாதத்துக்கு முன் இணைசேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஓர் ஈற்று, வாழ்நாளில் ஐந்துதான். பொறுப்பானவர் இதைத் தயங்காமல் சொல்வார். செவிட்டுக் குட்டி பிறந்தால் மறைக்கவும் மாட்டார், அந்த ஜோடியை மறுபடி சேர்க்கவும் மாட்டார்.